கோயம்புத்தூர் ராகு காலம்

பொய் சொன்னது நீங்கள்தான் சார். வலி தொடங்கிய பிறகும் ராகு காலம் முடியட்டும் என்று போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் நீங்கள். மருத்துவச்சி தாமதமாக வந்தார் என்று தமிழ்ச் சங்க மேடையில் மைக்கைப் பிடித்துச் சொன்னவரும் நீங்கள். அரங்கமே உச்சுக் கொட்டியது. பந்தி பரிமாற வந்த நான் பின்னால் பாயச வாளிக்குப் பக்கத்தில் கரண்டியோடு நின்றிருந்தேன். நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் அடையாளம் தெரிந்திருக்காது. ஆஸ்பத்திரி வேன் டிரைவரின் முகத்தை யார் நினைவில் வைத்துக்கொள்வார்கள்? ஆனால் உங்கள் குரல் எனக்கு மறக்கவில்லை. உங்கள் மகள் பிறந்த காலையில் அதே குரல் கதவுக்கு அந்தப் பக்கம் கேவிக் கேவி அழுததை, லிஃப்ட் கதவைப் பிடித்தபடி நின்று கேட்டவன் நான்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு விஷயம் புரிய வேண்டும். நான் பரமக்குடி பக்கத்துக்காரன். இப்போது அபுதாபி பக்கம் முசஃபாவில் ஒரு கேரேஜில், பழுதாகி நிற்கிற கார்களை இழுத்துவருகிற மீட்பு வண்டி ஓட்டுகிறேன். அதற்கு முன் அபுதாபியை விட்டு வெகுதூரம் தள்ளி, பாலைவனத்துக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற ஒரு ஊரில், அரசு ஆஸ்பத்திரியில் டிரைவராக இருந்தேன். ஊர்ப் பெயரை எழுத மாட்டேன். அங்கே பிரசவம் பார்க்கிற ஆஸ்பத்திரி ஒன்றே ஒன்றுதான், எழுதினால் இன்னார் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். எனக்குச் சண்டை ஆஸ்பத்திரியோடு பாதி, உங்களோடு மீதி. ஆஸ்பத்திரிக்குப் பங்கு உண்டு என்றாலும் ஆரம்பித்து வைத்தது நீங்கள்.

அந்த ஆஸ்பத்திரியில் ஒரு சோதனைத் திட்டம் தொடங்கினார்கள். உடம்பில் எந்தக் கோளாறும் இல்லாத, முதல் பிள்ளையைச் சுகப்பிரசவமாகப் பெற்ற பெண்கள், ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே வீடு இருந்தால், அடுத்த பிள்ளையை வீட்டிலேயே பெற்றுக்கொள்ளலாம். செலவு அரசாங்கத்துடையது. பிரசவம் பார்க்க வருகிறவர்கள் ஆஸ்பத்திரியிலேயே வேலை பார்க்கிற, படித்துப் பட்டம் வாங்கிய மிட்வைஃப்கள். வீட்டில் பெறுகிறவளுக்கும் ஆஸ்பத்திரியில் ஒரு கட்டில் தயாராக இருக்கும். மயக்க மருந்து டாக்டர் வரைக்கும் தகவல் போயிருக்கும். ஏதாவது சரியில்லை என்றால் அப்போதே ஆம்புலன்ஸ். அப்படி மாற்றிக் கொண்டுபோவதற்குப் பெயர் தோல்வி இல்லை, திட்டத்தில் அதுவும் ஒரு பகுதி என்று முதல் நாள் கூட்டத்தில் டிரைவர்களான எங்களுக்கே சொல்லிக் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரியின் ஒரு வார்டு எழுந்து நடந்து தெருத் தெருவாகப் போகிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். அந்த வார்டுக்குச் சக்கரம் என் வேன்.

அந்த வார்டுக்குப் பொறுப்பு சிஸ்டர். சிஸ்டர் என்றால் அவருக்குப் பிடிக்காது. யாழ்ப்பாணத்துக்காரர், வெளிநாட்டில் படித்து, பத்துப் பதினைந்து வருஷம் அங்கேயே வீடு வீடாகப் போய்ப் பிரசவம் பார்த்துவிட்டு இங்கே வந்தவர். முதல் நாள் நான் வேன் கதவைத் திறந்துவிட்டு, வாங்க சிஸ்டர் என்றேன். ஏறி உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டு சொன்னார்:

"தம்பி, நான் நேர்ஸ் இல்லை, மிட்வைஃப். நேர்ஸ் வருத்தக்காரரைப் பாக்கிறவ. பிள்ளைத்தாச்சி வருத்தக்காரி இல்லை."

வருத்தம் என்றால் அவர்கள் ஊரில் நோய். எனக்கு அது புரியவே ஒரு வாரம் ஆனது. புரிந்த பிறகும் சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டேன், வாய் மாறவில்லை. அவரும் என்னைத் திருத்துவதை விட்டுவிட்டார். குள்ளமான, கனத்த உடம்பு. நடை மட்டும் வேகம். தலையில் எப்போதும் ஒரு பேனா செருகியிருக்கும், அதைத் தேடிக்கொண்டே இருப்பார். வேனில் ஏறியதும் ஏதாவது தின்னக் கொடுப்பார். பிஸ்கட்டோ பேரீச்சம்பழமோ, போன வீட்டில் கட்டிக் கொடுத்த சோறோ. டிரைவர் பசியோடு இருந்தால் பிரேக் சரியாகப் பிடிக்காது என்பது அவர் கட்சி.

முதல் அழைப்பு வந்த அன்று வேன் சாவியை இரண்டு தடவை கீழே போட்டேன். பயமா சந்தோஷமா என்று சொல்லத் தெரியவில்லை. ஆக்ஸிஜன் சிலிண்டர், குழந்தைக்கு மூச்சுக் கொடுக்கிற பை, மருந்து வைத்த ஐஸ் பெட்டி, தராசு எல்லாம் பின்னால் குலுங்க, ரவுண்டானாவை ஏதோ பந்தயம் மாதிரி சுற்றினேன். சிஸ்டர் மேல்பிடியைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"பிள்ளை பெறப்போறது அவ. நீங்கள் ஏன் தம்பி முக்குறியள்?"

பின்சீட்டில் இருந்த பிலிப்பைன்ஸ் மிட்வைஃப் என்னவென்று கேட்க, சிஸ்டர் ஆங்கிலத்தில் சொல்ல, அந்தப் பெண் சிரித்த சிரிப்பில் வேனே ஆடியது. அந்த வீட்டு வாசலில் நான் வேனை நிழலில் நிறுத்திக் காத்திருந்தேன். மாடி ஜன்னல் திறந்திருந்தது. முதலில் ஒரு பெண்ணின் குரல், பிறகு சத்தமே இல்லை, பிறகு அது வந்தது. பூனைக்குட்டி மாதிரி தொடங்கி, நாலாவது மூச்சில் ஊரையே கூப்பிடுகிற குழந்தை அழுகை. எனக்கு இரண்டு பிள்ளைகள். இரண்டும் நான் இங்கே லேபர் கேம்பில் இருந்தபோது பிறந்தவை. இரண்டையும் முதலில் போனில்தான் பார்த்தேன், பொன்னாடை மாதிரி துணியில் சுற்றி, குளித்து முடித்து, தூங்குகிற முகமாக. பிறந்த நொடியில் ஒரு குழந்தை போடுகிற சத்தம் எப்படி இருக்கும் என்று அந்த ஜன்னலுக்குக் கீழே நின்றுதான் தெரிந்துகொண்டேன். ரோட்டில் போன பாகிஸ்தான் டாக்ஸிக்காரரை நிறுத்தி, பாய், பச்சா ஆகயா, குழந்தை வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். அவர் என் பிள்ளை என்று நினைத்துக்கொண்டு இறங்கிவந்து கட்டிப்பிடித்தார். நான் திருத்தவில்லை.

அதற்குப் பிறகு அந்த வேலை எனக்கு வேலையாகவே இல்லை. ரூமில் மற்றவர்கள் டியூட்டி முடிந்தால் போதும் என்பார்கள், நான் போன் அடிக்காதா என்று பார்த்திருப்பேன். ஒவ்வொரு வீடும் ஒரு விதம். ஒரு அரபு வீட்டில் குழந்தையின் காதில் தகப்பன் பாங்கு சொல்லி முடித்த கையோடு, பெரியவர் ஒருவர் வேனுக்கே காப்பியும் பேரீச்சம்பழமும் தட்டில் ஏந்திவந்து, நான் குடித்து முடிக்கும்வரை வெயிலில் நின்றார். ஒரு மலையாளி வீட்டில் வலியோடு இருந்த பெண் எங்களுக்கு மீன் பொரித்துக்கொண்டிருந்தாள், அடுப்பை அணைக்கச் சொன்னதற்குச் சிஸ்டரோடு சண்டை போட்டாள். சிஸ்டர் எந்த வீட்டுப் பழக்கத்தையும் கேலி செய்ததில்லை. எந்த வீட்டுக்கும் முன்கூட்டியே ஒருநாள் போய், உட்கார்ந்து, உங்கள் வீட்டில் என்னென்ன பார்ப்பீர்கள் என்று கேட்டுக்கொள்வார். செருப்பை எங்கே விடுவது, வாசலில் முதலில் யார் நுழைவது, தொப்புள்கொடியை யார் வெட்டுவது, எல்லாம்.

நம்மாட்கள் வீட்டில் கட்டாயம் ராகு காலம் வரும். எமகண்டமும் கூடவே வரும். அதற்குச் சிஸ்டரிடம் ஒரு வழி இருந்தது. அதை எல்லா வீட்டிலும் ஒரே மாதிரி சொல்வார், உங்கள் வீட்டிலும் சொன்னார் சார், நான் ஐஸ் பெட்டியை வைத்துக்கொண்டு ஹாலில் நின்றேன்.

"ராகு காலம் பாக்கிறதெண்டா வடிவாப் பாருங்கோ. ஆனா எனக்குப் போன் அடிச்சுச் சொல்லிப்போட்டுப் பாருங்கோ. நான் வந்து கீழ வானுக்குள்ள இருப்பன். உங்கட நேரம் முடிய மேல வாறன். இவவுக்கு அவசரமெண்டா ராகுவையும் தள்ளிப்போட்டு வருவன்."

சொன்னபடி செய்வார். கும்பகோணத்துத் தம்பதி ஒன்றுக்காக நாங்கள் கட்டடத்துக்குக் கீழே வேனில் அரை மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருக்கிறோம். அந்தக் கணவர் மாடிப் படியில் இறங்கி வந்து, வலி எவ்வளவு நேரத்துக்கு ஒரு தடவை வருகிறது என்று சொல்லிவிட்டு மேலே ஓடுவார், மறுபடி இறங்குவார். சிஸ்டர் முறுக்கு கடித்துக்கொண்டே கேட்டுக்கொள்வார். நேரம் முடிந்ததும் வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனார். சுகப்பிரசவம். யாருக்கும் ஒரு குறையும் இல்லை. ராகு காலம் பார்ப்பது குற்றம் என்று நான் சொல்லவில்லை, சிஸ்டரும் சொல்லவில்லை. நானே ஊருக்கு டிக்கெட் போடும்போது பார்க்கிறவன். போன் செய்துவிட்டுப் பாருங்கள் என்பதுதான் பேச்சு.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருகிறேன். உங்கள் மனைவியை நாங்கள் மேடம் என்போம். கோயம்புத்தூரில் ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரியில் முதல் பிள்ளையைப் பெற்றவர். அங்கே பட்டதைச் சிஸ்டரிடம் சொல்லும்போது சாதாரணமாகத்தான் சொன்னார். தனியாகப் படுக்கவைத்து, காலை மாட்டிவைத்து, கத்தாதே என்று அதட்டி, கணவனை வராந்தாவிலேயே நிறுத்திவிட்டார்களாம். பிள்ளை முகத்தை யாரோ ஒரு நொடி காட்டிவிட்டுக் கொண்டுபோய்விட்டார்களாம். இந்தத் தடவை இவர் பக்கத்தில் இருக்கணும், வேற ஒண்ணும் வேண்டாம் என்றார். நீங்கள் தலையைக் குனிந்துகொண்டீர்கள். அன்றைக்கு எனக்கு உங்களைப் பிடித்துப்போனது.

நீங்கள் பிளாண்டில் சேஃப்டி ஆபீசர். அது உங்கள் வீட்டுக்குள் நுழைந்த உடனே தெரியும். சமையலறையில் தீயணைப்புக் குப்பி, குளியலறையில் வழுக்காத பாய், கதவில் அவசர எண்கள். வீட்டுப் பிரசவத்துக்கு முன் ஆஸ்பத்திரிக்காரர்கள் ஒத்திகை பார்ப்பது வழக்கம். வேன் எங்கே நிற்கும், கட்டடக் காவல்காரன் நாத்தூர் கேட்டைத் திறப்பானா, லிஃப்டில் ஸ்ட்ரெச்சர் போகுமா என்று பார்ப்போம். மற்ற வீடுகளில் வெறும் ஸ்ட்ரெச்சரை உள்ளே தள்ளிப் பார்ப்போம். நீங்கள் விடவில்லை. "ஆள் படுத்தாத்தானுங்க தெரியும், நானே படுக்கறேன்" என்று படுத்துக்கொண்டு பெல்ட்டையும் மாட்டச் சொன்னீர்கள். நல்ல உடம்பு உங்களுக்கு. நாங்கள் மூன்று பேர் தள்ளினோம். லிஃப்டில் நேராகப் போகவில்லை, தலைப் பக்கத்தைத் தூக்கி நிறுத்தினால்தான் கதவு மூடியது. கீழே கதவு திறந்தபோது எதிரில் உங்கள் பக்கத்து வீட்டு அம்மா காய்கறிப் பையோடு. ஸ்ட்ரெச்சரில் கட்டி நிறுத்திய உங்களைப் பார்த்ததும் பை கீழே விழுந்தது. நீங்கள் படுத்தபடியே வணக்கம் சொன்னீர்கள். அதற்குள் அந்த அம்மா போனை எடுத்துவிட்டார். சேஃப்டி சாருக்கு ஹார்ட் அட்டாக் என்று கட்டடம் முழுக்கப் பரவி, உங்கள் பிளாண்டிலிருந்து மேனேஜர் பழக்கூடையோடு வந்துவிட்டார். மேடம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில், பிள்ளை இப்போதே வந்துவிடும் போலிருக்கிறது என்று சிஸ்டர் பயந்தார். அப்படிப்பட்ட ஒத்திகை அது. அவ்வளவு முன்யோசனை உள்ள ஆள் சார் நீங்கள்.

அது ஒரு வெள்ளிக்கிழமை. ஊரில் வெள்ளிக்கிழமை ராகு காலம் பத்தரையிலிருந்து பன்னிரண்டு. இந்தக் கணக்குத் தமிழனுக்கு மனப்பாடம். காலையில் மேடத்துக்கு இட்லி ஊற்றும்போதே வலி வந்துவிட்டது, இதெல்லாம் மறுநாள் என் வேனில் அவரே சிஸ்டரிடம் சொல்லக் கேட்டது. வெள்ளிக்கிழமை அரைநாள் பள்ளிக்கூடம், பையனை அனுப்பியாயிற்று. அப்போதே நீங்கள் போனை எடுத்திருந்தால் ஒரு சிக்கலும் இல்லை. நீங்கள் எடுத்தது பஞ்சாங்கம். அதுவும் கோயம்புத்தூர்ப் பஞ்சாங்கம். எடுத்துக் கணக்குப் போட்டீர்கள். இந்தியாவுக்கும் இந்த ஊருக்கும் ஒன்றரை மணி நேர வித்தியாசம். அங்கே பத்தரை என்றால் இங்கே ஒன்பது. அங்கே பன்னிரண்டு என்றால் இங்கே பத்தரை. ஆகவே இங்கே ஒன்பது முதல் பத்தரை வரை ராகு காலம், அந்த நேரத்தில் பிரசவத்துக்கு ஆள் அழைக்கக் கூடாது என்று முடிவு செய்தீர்கள். ராகு காலம் என்பது அந்தந்த ஊர்ச் சூரியனைப் பார்த்து வருவது சார். அது விமானம் ஏறி, கடிகாரத்தைத் திருத்திவைத்துக்கொண்டு நம் பின்னாலேயே வருவதில்லை. நல்ல நேரம் முழுவதையும் வீட்டுக்குள் உட்கார்ந்து கழித்துவிட்டு, இந்த ஊர் ராகு காலம் தொடங்கிய நேரத்தில் சரியாகப் போன் செய்தீர்கள்.

போன் வந்ததும் நாங்கள் கிளம்பினோம். எவ்வளவு வேகம் என்று நான் எழுதினால் இப்போது லைசென்ஸ் போய்விடும். நாத்தூர் கேட்டைத் திறந்துபோட்டு, கையை ஆட்டி, யல்லா யல்லா என்று கத்தினான். அவனுக்கும் அந்தக் குழந்தை மேல் ஒரு ஆசை. சிஸ்டரும் பிலிப்பைன்ஸ் பெண்ணும் மேலே போனார்கள். நான் இரண்டாவது லோடாக ஐஸ் பெட்டியை எடுத்துப் போனேன். உங்கள் வீட்டுக் கதவு லிஃப்டுக்கு நேர் எதிரே. என் வேலை, லிஃப்ட் வேறு மாடிக்குப் போய்விடாமல் கதவைப் பிடித்து நிற்பது. வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. உள் அறைக் கதவு பாதி சாத்தியிருந்தது. எல்லாம் கேட்டது.

எப்போது தொடங்கியது என்று சிஸ்டர் கேட்டார். நீங்கள், இப்பத்தானுங்க என்றீர்கள். மேடம், காலையிலேயே என்றார். அப்புறம் நீங்கள் சமாதானமாகச் சொன்னீர்கள், ராகு காலம் முடியட்டும்னு இருந்தேன், இப்ப நல்ல நேரந்தான் என்று. மேடம் மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது. வலி இறங்கியதும் சொன்னார்:

"ஏங்க, அது கோயமுத்தூரு ராகு காலங்க. இங்க இப்பத்தான் ஆரம்பிக்குது. அக்கட்டால போங்க."

பிரசவ வலியில் ஒரு பெண் சிரித்து நான் கேட்டது அன்றைக்குத்தான். சிஸ்டரும் சிரித்தார். அப்படித் தள்ளிப் போகச் சொன்னவரே அடுத்த வலிக்கு உங்கள் கையைப் பிடித்துக்கொண்டார் என்று நினைக்கிறேன், நீங்கள் ஐயோ என்றீர்கள். அதற்குப் பிறகு எல்லாம் வேகம். சிஸ்டரின் குரல் மட்டும் நிதானமாக இருந்தது. விடுங்கோ, மூச்சை விடுங்கோ, வடிவா வருது, நல்ல பிள்ளை, இஞ்ச பாருங்கோ தலைமயிரைத் தொட்டுப் பாருங்கோ. மேடம் தொட்டுப் பார்த்தார் போல. அம்மா என்று ஒரு சத்தம். பிறகு அந்த அழுகை. எத்தனை தடவை கேட்டாலும் எனக்கு மயிர்க்கூச்செறியும். லிஃப்டில் மாட்டிக்கொண்டு, ஏன்பா கதவை விட மாட்டேன் என்கிறாய் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்த ஒரு குஜராத்திக்காரர்கூட வாயை மூடிக்கொண்டு நின்றார். அப்போதுதான் நீங்கள் அழுதீர்கள். மகள் என்று சொல்ல வந்து சொல்ல முடியாமல் அழுதீர்கள். என் பிள்ளைகள் பிறந்தபோது நானும் அழுதேன், கேம்பின் அடுக்குக் கட்டிலில் போர்வைக்குள். பக்கத்தில் நின்று அழுவது வேறு சார். உங்களுக்குக் கிடைத்தது அது. வாங்கிக் கொடுத்தவர் சிஸ்டர்.

பிறகு நஞ்சுக்கொடி விழுந்து ரத்தம் கொஞ்சம் அதிகம் போனது. பையைப் பிரித்து எல்லாவற்றையும் முன்கூட்டி அடுக்கி வைக்க அன்று நேரம் இருக்கவில்லை. தம்பி, ஐஸ் பெட்டி என்று சிஸ்டர் கூப்பிட்டார். உடனே லிஃப்டைக் குஜராத்திக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு ஓடி, கதவருகே வைத்தேன். ஊசி போட்டார். ரத்தம் குறைந்தது, ஆனாலும் நான் சந்தேகத்துக்கு இடம் வைக்கிறதில்லை, கொண்டுபோவம் என்றார். ஆம்புலன்ஸ் வந்தது. ஸ்ட்ரெச்சரை எந்தக் கோணத்தில் லிஃப்டில் தூக்கி நிறுத்துவது என்று எங்களுக்குக் கைக்கே தெரிந்திருந்தது. நீங்கள் படுத்துப் பார்த்ததால்தான் தெரிந்திருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரி வாசலில் டாக்டரே நின்றார், கட்டில் தயாராக இருந்தது. மறுநாளே மேடம் வீட்டுக்கு வந்தார். மகளை மார்பில் போட்டுக்கொண்டு, என் வேனில்தான் வந்தார், வழி நெடுகச் சிஸ்டரோடு கதை பேசிக்கொண்டு. திட்டம் எப்படி நடக்க வேண்டுமோ அப்படியே நடந்தது. தாயும் நலம், பிள்ளையும் நலம். இதில் எங்கே சார் தாமதம்?

ரத்தம் போனதால் விசாரணை என்றார்கள். அதுவும் வழக்கம்தான், யாரும் பயப்படவில்லை. மிட்வைஃப்கள் தனியாகப் பிரசவம் பார்ப்பது பிடிக்காத பெரிய டாக்டர்கள் சிலர் அங்கே இருந்தார்கள். அவர்களுக்கு ஒரு காரணம் வேண்டும், அதைத் தேடிக்கொண்டிருந்தார்கள். நீங்கள் கொடுத்தீர்கள். வலி வந்ததுமே போன் செய்தேன், அவர்கள் வரத் தாமதமானது என்று சொன்னீர்கள். அழைப்பு வந்த நேரத்தைக் குறித்துவைக்கிற வழக்கம் அப்போது அங்கே இல்லை. ஏன் சொன்னீர்கள் என்று எனக்குத் தெரியும். பிளாண்டில் நாலாயிரம் பேருக்கு எச்சரிக்கைப் பலகை மாட்டுகிறவர், மனைவிக்கு வலி வந்தபோது பஞ்சாங்கத்தைப் பார்த்தார், அதையும் தப்பாகப் பார்த்தார் என்று தெரிந்தால் கேன்டீனில் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்குப் பயந்தீர்கள். என்னையும் கூப்பிட்டார்கள். லிஃப்டில் நின்று கேட்டதை நான் சொன்னேன். ராகு காலம் என்றால் என்னவென்று அந்த மேசையில் இருந்த யாருக்கும் தெரியவில்லை. நான் விளக்கத் தொடங்கினேன். நடுவில் இருந்தவர் கையைத் தூக்கி, கலாஸ், டிரைவர் வண்டியைப் பற்றிச் சொன்னால் போதும் என்றார்.

மேடத்தைக் கூப்பிட்டுக் கேளுங்கள் என்று நான் சிஸ்டரிடம் கெஞ்சினேன். அவர் மறுத்துவிட்டார். பச்சை உடம்புக்காரியைக் கொண்டுவந்து புருஷனுக்கு எதிரா நிப்பாட்டுறதோ, நான் செய்ய மாட்டன் என்றார். நோயாளி சொல்வதா மிட்வைஃப் சொல்வதா என்று வந்தபோது உங்கள் சொல் நின்றது. சிஸ்டருக்கு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. திட்டத்தை நிறுத்திவைத்தார்கள். வேனை மருந்துக் கிடங்குக்கு மாற்றினார்கள். பிள்ளை சத்தத்துக்குப் பதில் அட்டைப் பெட்டி. நான் அந்த வேலையை விட்டேன்.

ஓமன் பஸ்ஸுக்குச் சிஸ்டரை நான்தான் கொண்டுபோய் விட்டேன். இப்போது சோஹாரில் ஒரு கிளினிக்கில் வருகிறவர்களுக்கு பிரஷர் பார்க்கிறார், எடை பார்க்கிறார். பிரசவம் பார்க்க அங்கே அவருக்கு அனுமதி இல்லை. எத்தனையோ பிள்ளைகளை ஏந்திய கை. அன்று வழியில் அவர் உங்களைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், நான் அதற்குள் போதுமான அளவு திட்டியிருந்தேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தார். இறங்கும்போது சொன்னார்:

"அந்தப் பிள்ளை வடிவாப் பிறந்தது தம்பி. அதை ஆரும் மாத்தேலாது. ஆனா நான் பிந்தி வரேல்லை. அதை ஆராவது சொல்லோணும்."

அதற்காகத்தான் எழுதுகிறேன். சும்மா இருந்திருப்பேன். ஆனால் இப்போது அந்த ஆஸ்பத்திரிக்குப் புது நிர்வாகம் வந்திருக்கிறது. வீட்டுப் பிரசவத் திட்டத்தை மறுபடி தொடங்கலாமா என்று ஊர் மக்களைக் கூப்பிட்டுக் கேட்கப்போகிறார்கள். சமூகக் கூடத்தில் கூட்டம், யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாம். அங்கே என்னோடு வேலை பார்த்த ஒருவன் எனக்குச் செய்தி அனுப்பியதும் ரூமில் குதித்தேன், மேல்கட்டிலில் தலை இடித்தது. மறுபடி வேன், மறுபடி அந்த ஜன்னல், மறுபடி அந்த அழுகை. சிஸ்டரைத் திரும்பக் கூப்பிடவும் வாய்ப்பு உண்டு என்கிறார்கள், அவர் மேல் இருக்கிற அந்த ஒரு குற்றச்சாட்டு விலகினால். அதே வாரத்தில்தான் நீங்கள் சங்க மேடையில் ஏறி, இதெல்லாம் நமக்குச் சரிப்படாது, எங்கள் வீட்டில் நாங்கள் பட்டது போதும், மருத்துவச்சி நேரத்துக்கு வரவில்லை, என் மனைவி பிழைத்ததே அதிர்ஷ்டம் என்று பேசினீர்கள். மேடம் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். நீங்கள் அதைச் சொன்னபோது மகளைத் தூக்கிக்கொண்டு எழுந்து வெளியே போனார். கைத்தட்டலில் நீங்கள் அதைக் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

அந்தப் பெண் குழந்தை வெளியே மணலில் என்ன ஆட்டம் ஆடியது தெரியுமா சார்? செருப்பை வீசிவிட்டு ஓடியது. பிடிக்க முடியவில்லை. இந்த ஊர் ராகு காலத்தின் நட்டநடுவில் பிறந்த பிள்ளை, ஒரு குறையும் இல்லை, குரல் எட்டு வீட்டுக்குக் கேட்கிறது.

அந்த ஊரில் இப்போதும் எத்தனையோ பெண்கள் மேடம் மாதிரி நினைக்கிறார்கள். என் கணவன் என் பக்கத்தில் இருக்கணும், என்னை யாரும் அதட்டக் கூடாது, அதே சமயம் ஒன்று ஆனால் ஆஸ்பத்திரி என் பின்னால் நிற்கணும் என்று. அவர்கள் கேட்பது பெரிய விஷயம் இல்லை. நடந்துகொண்டிருந்த விஷயம். அதற்குக் குறுக்கே இப்போது படுத்திருப்பது உங்கள் ஒரு பொய். சங்க மேடையில் நீங்கள் சொன்னதை அந்தக் கூட்டத்தில் எடுத்துச் சொல்லக் காத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

ஆகவே கேட்கிறேன். எனக்குத் தனியாகப் போன் செய்யாதீர்கள். ஊர்க்காரர் மூலம் சமாதானம் பேச வேண்டாம். கூட்டத்துக்கு வாருங்கள், நானும் முசஃபாவிலிருந்து லீவ் போட்டுவிட்டு வருகிறேன். எழுந்து நின்று, உங்கள் மனைவிக்கு அன்று வலி எப்போது வந்தது, நீங்கள் எப்போது போன் செய்தீர்கள், இடையில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று உங்கள் வாயாலேயே சொல்லுங்கள். தமிழ் தெரியாதவர்களுக்கு ஆங்கிலத்திலும் சொல்லுங்கள், ராகு காலத்தையும் சேர்த்து விளக்குங்கள். சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஒரு ஆள் சிரிப்புக்குப் பயந்து இன்னொரு ஆளின் பிழைப்பைக் கெடுத்தது போதும். சிஸ்டர் தாமதமாக வந்தாரா, நீங்கள் தாமதமாகக் கூப்பிட்டீர்களா? எல்லார் முன்னாலும் பதில் சொல்லுங்கள் சார்.